பழைய வீட்டுச் சமையலறை: விளக்கு, சிங்க், குழாய் இதில் எதை முதலில் முடிவு செய்வது?

தாழ்வாரம்

எல்லோருக்கும் வணக்கம். நாற்பது வருடங்களுக்கு மேலான வீடு. முழு வீட்டையும் ஒரே மூச்சில் தொட முடியாது என்பதால் சமையலறையை மட்டும் முதலில் புதுப்பிக்கலாம் என்று இருக்கிறோம். அறை 3 மீட்டருக்கு 4 மீட்டர், கூரை உயரம் 3.3 மீட்டர். நட்டநடுவில் ஒரே ஒரு டியூப்லைட். மேடை சுவரோரம் இருப்பதால் வேலை செய்பவரின் நிழல் அவர் கையின் மேலேயே விழுகிறது. சிங்க் ஆழம் குறைவு, பெரிய பாத்திரம் வைத்தால் தண்ணீர் வெளியே தெறிக்கிறது. குழாயை எவ்வளவு இறுக்கினாலும் சொட்டு நிற்பதில்லை.

கடைகளில் கேட்டால் ஆளுக்கொரு பட்டியலை நீட்டுகிறார்கள். மனதில் இருப்பது இதுதான்: ஆழமான சிங்க், கறுப்பு நிறத்தில் உயரமாக வளைந்த குழாய் (இழுத்துத் தெளிக்கும் வகை), மேடைக்கு மேலே மூன்று தொங்கு விளக்குகள். எதை முதலில் வாங்குவது, எதில் கவனமாக இருக்க வேண்டும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வயரிங்காரன்

எதையும் வாங்காதீர்கள். முதலில் மெயினை அணைத்துவிட்டு சமையலறை சுவிட்ச் போர்டைக் கழற்றி ஒரு படம் போடுங்கள். உள்ளே இருப்பது ரப்பர் உறை போட்ட வயரா, பிவிசியா, செம்பா, அலுமினியமா என்று பார்த்த பிறகுதான் விளக்கைப் பற்றிப் பேச முடியும்.

அளவுகோல்

அவர் சொல்வது சரி, ஆனால் நிழல் பிரச்சினைக்கு இப்போதே ஒரு பதில் சொல்லிவிடலாம். டியூப்லைட்டின் பிரகாசம் போதவில்லை என்பதல்ல விஷயம், அது உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. அதே இடத்தில் இரண்டு மடங்கு வெளிச்சம் தரும் விளக்கை மாட்டினால் நிழலும் அதே அளவுக்கு அழுத்தமாகத்தான் விழும். விளக்கு உங்களுக்கும் சுவருக்கும் நடுவே வர வேண்டும். மேல் அலமாரி இருந்தால் அதன் அடிப்பகுதியில் ஸ்ட்ரிப் லைட். அலமாரி இல்லையென்றால் மேடையின் முன்விளிம்புக்கு நேர் மேலே, சுவரிலிருந்து 55, 60 செ.மீ. தள்ளிக் கூரையில் விளக்கு. பலர் கூரையில் பதிக்கும் டவுன்லைட்டுகளை அறையின் நடுவே வரிசையாகப் போட்டுவிட்டு மறுபடியும் நிழலில்தான் நறுக்குகிறார்கள்.

அளவு வேண்டுமென்றால், நறுக்கும் இடத்தில் 300 முதல் 500 லக்ஸ் வரை இருந்தால் வசதி. லூமென் என்பது விளக்கு தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு, லக்ஸ் என்பது ஒரு சதுர மீட்டரில் விழும் லூமென். 3 மீட்டர் நீளம், 60 செ.மீ. அகலமுள்ள மேடை 1.8 சதுர மீட்டர். 500 லக்ஸுக்கு அங்கே 900 லூமென் வந்து சேர வேண்டும். ஸ்ட்ரிப்பின் மூடியிலும் பக்கவாட்டிலும் கொஞ்சம் வீணாகும் என்று வைத்துக்கொண்டால் மீட்டருக்கு 450 லூமென் தரும் ஸ்ட்ரிப் தாராளம். இதற்கு மேல் போட்டால் கண் கூசும். மேடை கறுப்பு, சுவர் டைல்ஸும் அடர் நிறம் என்றால் கூடுதலாகத் தேவைப்படும், அவை வெளிச்சத்தைத் திருப்பித் தராமல் விழுங்கிவிடும்.

வாட்டைப் பார்த்து வாங்கும் பழக்கத்தை விடுங்கள். பழைய 60 வாட் குண்டு பல்பு தந்தது சுமார் 700, 800 லூமென். அதே வெளிச்சத்தை 8, 9 வாட் எல்இடி தருகிறது. பெட்டியில் லூமென் எண் இல்லாத விளக்கைக் கையிலேயே எடுக்காதீர்கள்.

சும்மா_ஒருவன்

இதென்ன ராக்கெட் ஏவுதளமா? 6500 கெல்வினில் நல்ல பிரகாசமான எல்இடி பட்டை இரண்டு மாட்டினால் பகல் மாதிரி இருக்கும். லக்ஸ், லூமென் எல்லாம் விற்பவர்கள் பேச்சு. எங்கள் வீட்டில் அப்படித்தான் இருக்கிறது, யாருக்கும் குறை இல்லை.

நிறமாலை

அச்சகத்தில் நிறம் பார்க்கும் வேலை செய்கிறேன், அதனால் இந்தப் பேச்சில் சும்மா இருக்க முடியவில்லை. 6500 என்பது வெளிச்சம் மஞ்சளாகத் தெரியுமா நீலமாகத் தெரியுமா என்பதை மட்டும் சொல்லும் எண். பொருளின் நிறம் அதன் கீழே ஒழுங்காகத் தெரியுமா என்பதற்கு வேறு எண் இருக்கிறது, சிஆர்ஐ. வெள்ளை எல்இடி பெரும்பாலும் நீல எல்இடி மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியது. மலிவானவற்றில் சிவப்புப் பகுதி மெலிந்திருக்கும். அதன் கீழே தக்காளி பழுத்ததா பாதிக் காயா என்று தெரியாது, இறைச்சி சாம்பல் பூத்த மாதிரி இருக்கும், நம் கையே நோயாளி கை போலத் தெரியும்.

இதில் ஒரு சூட்சுமம். பெட்டியில் போடும் சிஆர்ஐ எட்டு வெளிர் நிறங்களின் சராசரி. அடர் சிவப்பு அந்த எட்டில் இல்லை, அது ஆர்9 என்று தனியாக வரும். 80க்கு மேல் சிஆர்ஐ போட்ட விளக்குக்கும் ஆர்9 பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கலாம். சமையலறைக்கு சிஆர்ஐ 90க்கு மேல் கேளுங்கள். ஆர்9 எண்ணையும் போட்டிருந்தால், தயாரிப்பாளர் அதைக் கவனித்திருக்கிறார் என்று பொருள்.

கெல்வினைப் பொறுத்தவரை 3000 முதல் 4000 வரை எது பிடிக்கிறதோ அது. 6500 தவறு என்று சொல்ல மாட்டேன், இரவில் எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான். ஆனால் ஒரே அறையில் 2700, 4000, 6500 மூன்றையும் கலந்தால் எதைப் பார்த்தாலும் அழுக்காகத் தெரியும். ஒரே நேரத்தில் எரியப்போகும் விளக்குகள் எல்லாவற்றுக்கும் ஒரே கெல்வின், முடிந்தால் ஒரே தயாரிப்புத் தொகுதி. மொத்தமாக வாங்குவதற்கு முன் இரண்டு மூன்று வகையில் ஒவ்வொரு பல்பு வாங்கி, இரவில் உங்கள் வீட்டிலேயே எரியவிட்டு உள்ளங்கையைக் காட்டிப் பாருங்கள். கடையில் எல்லா விளக்கும் ஒன்றாக எரியும்போது எந்த முடிவும் எடுக்க முடியாது.

சும்மா_ஒருவன்

உள்ளங்கை சோதனை செய்தேன். பச்சை படிந்த மாதிரிதான் இருக்கிறது. இதுவரை கவனித்ததில்லை, இனிமேல் கவனிக்காமல் இருக்க முடியாது. நன்றி சொல்வதா திட்டுவதா தெரியவில்லை.

குழாயடி

விளக்குப் பேச்சு நடக்கட்டும், நான் சிங்குக்கு வருகிறேன். தாழ்வாரம், "ஆழமான சிங்க்" என்று எழுதியதைப் படித்ததுமே எனக்கு வேலைக்குப் போன பல வீடுகள் கண்முன் வந்துவிட்டன. பழைய வீடுகளில் சிங்க் ஆழம் 15 செ.மீ. இருக்கும், சுவருக்குள் போகும் கழிவுநீர்க் குழாயின் துளையை அதற்கேற்ற உயரத்தில் விட்டிருப்பார்கள். இப்போது நீங்கள் 23 செ.மீ. ஆழமுள்ள சிங்கை வைத்தால் சிங்கின் அடி 8 செ.மீ. கீழே இறங்குகிறது. அதற்கும் கீழே வடிகட்டிக் கிண்ணம், அதற்கும் கீழே டிராப், அதாவது எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவு. டிராப்பிலிருந்து வெளியேறும் குழாய் சுவர்த் துளையைவிடத் தாழ்ந்துவிட்டால் தண்ணீர் மேல்நோக்கி ஏற வேண்டும். ஏறாது. குழாயிலும் சிங்கிலுமே தேங்கி, எண்ணெய்ப் பிசுக்கு படிந்து, நாறும். அதைச் சமாளிக்க டிராப்பையே எடுத்துவிட்டு நெளிவுக் குழாயை நேராகச் செருகிவிட்டுப் போவார்கள் சிலர். டிராப்பில் நிற்கும் 5 செ.மீ. தண்ணீர்தான் சாக்கடை வாயுவையும் பூச்சிகளையும் தடுக்கிறது, அது இல்லாமல் வேலை செய்யக் கூடாது.

அதனால் அளவெடுங்கள். தரையிலிருந்து சுவர்த் துளையின் நடுப்புள்ளி வரை எவ்வளவு உயரம், மேடையின் மேல்பரப்பு வரை எவ்வளவு. கணக்கு எளிது: மேடை உயரத்திலிருந்து சிங்கின் ஆழத்தைக் கழியுங்கள், வடிகட்டிக்கு 8 செ.மீ., டிராப்புக்கு இன்னும் 7 செ.மீ. கழியுங்கள். வருகிற எண் சுவர்த் துளையைவிட ஒன்றிரண்டு செ.மீ.யாவது மேலே இருக்க வேண்டும், கிடைமட்டக் குழாய்க்கு மீட்டருக்கு 2 செ.மீ. சரிவு தேவை. வாங்கும் வடிகட்டி, டிராப் அளவுகள் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும், கையில் வந்ததும் மறுபடி அளந்துகொள்ளுங்கள்.

அடுத்தது அழுத்தம். இழுத்துத் தெளிக்கும் குழாய் வேண்டும் என்கிறீர்கள். தண்ணீர் பம்ப் அழுத்தத்தில் வருகிறதா, மாடித் தொட்டியிலிருந்து சும்மா இறங்கி வருகிறதா? தொட்டி என்றால், 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம். தொட்டியின் அடிமட்டம் குழாய்க்கு 3 மீட்டர் மேலே இருந்தால் உங்களுக்குக் கிடைப்பது 0.3 பார். இழுக்கும் குழாய்களுக்குள் மெல்லிய நெளிகுழாய், தடுப்பு வால்வு, வாயில் தண்ணீரோடு காற்றைக் கலக்கும் ஏரேட்டர் என்று தடைகள் அதிகம். 1 பாராவது இல்லாமல் சரியாக வேலை செய்யாதவை நிறைய உண்டு. பெட்டிக்குள் இருக்கும் தாளில் குறைந்தபட்ச அழுத்தம் போட்டிருக்கும். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு நிறத்தைத் தேர்ந்தெடுங்கள்.

மூன்றாவது, சுவருக்குள் ஓடுவது பழைய ஜிஐ பைப்பாக (துத்தநாகம் பூசிய இரும்பு) இருந்தால் உள்ளே துரு படிந்து பாதி வழி அடைந்திருக்கும். அந்தத் துருத் துகள்கள்தான் புதிய குழாய்க்குள் தண்ணீரைத் திறந்து மூடும் செராமிக் கார்ட்ரிட்ஜைக் கீறிச் சீக்கிரமே சொட்ட வைக்கும். பைப்பை மாற்றாமல் குழாயை மட்டும் மாற்றினால் பழைய சொட்டு புதிய குழாயிலும் வந்துவிடும். ஈயக் குழாய் ஏதாவது தென்பட்டால் யோசிக்கவே வேண்டாம், அதை எடுத்துவிட வேண்டும். குழந்தைகளுக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது.

தாழ்வாரம்

அக்கா, அளந்துவிட்டேன். மேடை உயரம் 82 செ.மீ. சுவர்த் துளையின் நடு 48. தொட்டியின் அடியிலிருந்து குழாய்வரை 3.5 மீட்டர்தான். பைப் ஜிஐ. காந்தம் ஒட்டுகிறது, மூட்டுகளில் துரு.

வயரிங்காரன் அண்ணா, போர்டையும் கழற்றிப் பார்த்தோம். ரப்பர் உறை, தொட்டால் பொடிப்பொடியாக உதிர்கிறது. ஒவ்வொரு விளக்குக்கும் இரண்டே வயர், எர்த் இல்லை. பிளக் பாயின்டில் மட்டும் பச்சை வயர் ஒன்று வருகிறது, அது எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

குழாயடி

82 இலிருந்து 23, 8, 7 போக 44. துளை 48இல். 23 செ.மீ. சிங்க் இப்படியே வைத்தால் நடக்காது. 18 செ.மீ. ஆழமென்றால் 49, நூலிழையில் தப்பிக்கும். சுவரை உடைத்துத் துளையை இறக்கலாம், ஆனால் அந்தக் குழாய் வெளியே எந்த மட்டத்தில் சாக்கடையில் சேர்கிறது என்று பார்க்க வேண்டும். வெளியே இறக்க இடமில்லையென்றால் உள்ளே இறக்கிப் பயனில்லை.

அது சரி, 82 செ.மீ. மேடை உங்களுக்கு வசதியாகத்தான் இருக்கிறதா?

தாழ்வாரம்

இல்லை. நானும் மனைவியும் மாறி மாறிச் சமைக்கிறோம், அவர் என்னைவிட உயரம். இருவருக்குமே குனிந்து குனிந்து முதுகு வலி.

அளவுகோல்

இதோ வழி கிடைத்துவிட்டது. நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கி, தரையிலிருந்து முழங்கை வரை அளவெடுங்கள். அதிலிருந்து 10 முதல் 15 செ.மீ. குறைத்தால் மேடை உயரம். உயரம் மாறுபடும் இரண்டு பேர் என்றால் நடுவில் ஓர் எண்.

தாழ்வாரம்

எனக்கு 100, அவருக்கு 105.

அளவுகோல்

88 வையுங்கள். 88 இலிருந்து குழாயடி சொன்ன 38 போனால் 50. துளை 48. ஆழமான சிங்கும் கிடைக்கிறது, முதுகும் பிழைக்கிறது, வெளிச் சுவரைத் தொட வேண்டாம். ஆனால் மேடையை 6 செ.மீ. உயர்த்தினால் அதன் மேலிருக்கும் எல்லாமே மாறும் என்பதை மறக்க வேண்டாம்: பிளக் பாயின்ட், ஜன்னல் அடி, மேல் அலமாரி. மேடைக்கும் மேல் அலமாரிக்கும் நடுவே 50, 60 செ.மீ. இருக்கட்டும். அடுப்புக்கு மேலே புகைபோக்கி வருமானால் அதற்கான இடைவெளியை அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். எரிவாயு அடுப்புக்குப் பெரும்பாலும் 65 செ.மீ.க்குக் குறையாமல் கேட்பார்கள்.

குழாயடி

ஆமாம், அது நல்ல யோசனை. நான் துளையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அழுத்தம் 0.35 பார். இழுக்கும் குழாயை மறந்துவிடுங்கள், அல்லது பம்ப் வைக்கத் தயாராகுங்கள். பம்ப் வைத்தால் அந்தத் துருப்பிடித்த ஜிஐ பைப் கூடுதல் அழுத்தத்தைத் தாங்காது, அதையும் மாற்ற வேண்டும். எப்படியும் மாற்றத்தான் வேண்டும் என்பேன். பம்ப் வேண்டாமென்றால், வழி அகலமான, குறைந்த அழுத்தத்துக்கென்றே செய்த சாதாரண சுழல் குழாய் வாங்குங்கள். பார்க்கக் கொஞ்சம் எளிமையாக இருக்கும், தண்ணீர் வரும்.

பித்தளைப்பிரியை

குழாயின் உயரம் பற்றி யாரும் கேட்கவில்லையே? தாழ்வாரம், சிங்குக்குப் பின்னால் ஜன்னல் இருக்கிறதா? பழைய வீடுகளில் பெரும்பாலும் இருக்கும். அதன் கதவு உள்பக்கம் திறக்குமென்றால் உயரமாக வளைந்த குழாயில் வந்து இடிக்கும். என் தோழி வீட்டில் ஜன்னலைத் திறப்பதற்கே குழாயைத் திருப்பி வைக்க வேண்டும். சுடுநீரையும் குளிர்நீரையும் கலந்து தரும், நெம்பு ஒன்றே உள்ள மிக்சர் குழாயாக இருந்தால், அதைப் பின்னால் தள்ளும்போது சுவரில் முட்டாமல் இருக்க 5, 6 செ.மீ.யாவது விட்டிருக்க வேண்டும். சிங்கில் போடும் ஓட்டை பொதுவாக 35 மி.மீ., அதை எங்கே போடுவது என்பது உங்கள் முடிவு, கடைக்காரருடையது அல்ல.

அப்புறம் அந்தக் கறுப்பு. உங்கள் தண்ணீர் உப்புத் தண்ணீரா என்று கெட்டிலின் அடியைப் பாருங்கள். வெள்ளைப் படிவு இருந்தால் அதே படிவு கறுப்புக் குழாயின் மேல் தினமும் தெரியும், தினமும் துடைக்க வேண்டும். குரோமிலும் படியும், ஆனால் கண்ணை உறுத்தாது. கறுப்பிலேயே சும்மா பெயின்ட் அடித்ததும் உண்டு, பிவிடி பூச்சும் உண்டு. பிவிடி என்றால் வெற்றிடத்தில் உலோக ஆவியைப் படிய வைப்பது, மிகக் கடினமான பூச்சு. பெயின்ட் வகை பாத்திரம் உரசும் இடத்தில் உரிந்து பித்தளை எட்டிப் பார்க்கும். எதுவாக இருந்தாலும் படிவை எடுக்க அமிலம் ஊற்றித் தேய்க்காதீர்கள். குளியலறைக்கு வாங்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் குரோமையும் கெடுக்கும், ஸ்டீல் சிங்கிலும் புள்ளிப் புள்ளியாகக் குழி விழ வைக்கும்.

எனக்கு என்னவோ பூச்சே இல்லாத பித்தளைதான் பிடிக்கும். நிறம் மாறும், கறுக்கும், மாறட்டுமே. எல்லோருக்கும் இது ஒத்துவராது என்று தெரியும்.

சும்மா_ஒருவன்

சிங்க் வாங்கும்போது காந்தம் எடுத்துப் போங்கள். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல ஸ்டீல், 304. இது எனக்கே தெரிந்த விஷயம்.

குழாயடி

பாதிதான் சரி. காந்தம் பலமாக ஒட்டினால் அது நிக்கல் இல்லாத 430 வகை என்று சந்தேகப்படலாம். ஒட்டாவிட்டால் 304 என்று முடிவு கட்ட முடியாது, 202 வகையும் ஒட்டாது. அதில் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்திருப்பார்கள், உப்புத் தண்ணீரில் சீக்கிரம் கறை பிடிக்கும். 304இல் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். தட்டி வளைத்த மூலைகளில் அசல் 304கூட லேசாக ஒட்டும், அதைப் பார்த்து நல்ல சிங்கைத் திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு. அதனால் பில்லில் 304 என்று எழுதி வாங்குவதுதான் வழி.

தடிமன் கேட்கும்போது கேஜ் எண் குறையக் குறையத் தகடு தடிமன். 16 கேஜ் ஏறக்குறைய 1.5 மி.மீ., 18 என்றால் 1.2, 20 என்றால் 0.9. வீட்டுக்கு 18 போதும். அடியில் ரப்பர் அட்டை ஒட்டியிருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள், இல்லாவிட்டால் குழாயைத் திறந்தாலே மத்தளச் சத்தம். டிராப் வாங்கும்போது சமையலறைக்கு வளைவுக் குழாய் வகை, பாட்டில் வகை வேண்டாம். பாட்டில் டிராப் கைகழுவும் தொட்டிக்கு அழகு, சமையலறை எண்ணெய்ப் பிசுக்குக்கு அடைப்பு.

வயரிங்காரன்

இப்போது என் முறை. ரப்பர் உறை உதிர்கிறது என்றால் பேச்சுக்கே இடமில்லை, சமையலறை வயர் முழுக்க மாற்ற வேண்டும். அந்த வயரில் புது விளக்கைத் தொங்கவிட்டு முறுக்கி இணைத்தால், இணைக்கும் இடத்திலேயே உறை உடைந்து கூரைக்குள் செம்பு வெறுமனே நிற்கும். இது தள்ளிப்போடும் வேலை அல்ல. மற்ற அறைகளை இப்போது தொடப் போவதில்லை என்றால் அங்கே இன்சுலேஷன் சோதனையாவது செய்யச் சொல்லுங்கள். 500 வோல்ட் மெக்கரில் (வயர் உறையின் தடையை அளக்கும் கருவி) 1 மெகாஓமுக்குக் குறைவாக வந்தால் அந்த லைன் தேறாது. மெக்கர் போடும் முன் எல்இடி விளக்குகள் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவற்றுக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர் போய்விடும்.

நீங்கள் ஆசைப்பட்ட தொங்கு விளக்குகள் உலோகக் கூடு உள்ளவையா? அப்படியானால் எர்த் கட்டாயம். எர்த் இல்லாத இடத்தில் உலோக விளக்கு மாட்டினால், உள்ளே ஒரு வயர் உரசிய அன்றைக்கு அந்தக் கூடு முழுதும் கரன்ட். ஈரக் கையோடு தொடும் அறை இது. சதுரத்துக்குள் சதுரம் போட்ட சின்னம் இருந்தால் அது இரட்டை உறை விளக்கு, அதற்கு எர்த் தேவையில்லை. புதிதாக வயர் இழுக்கும்போது எல்லா விளக்குக்கும் மூன்று வயர் இழுத்துவிடுங்கள், பிறகு எந்த விளக்கையும் மாட்டலாம். மெயினில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானே அணைத்துவிடும் சுவிட்ச்) இல்லையென்றால் அதை முதலில் போடுங்கள். எங்கே போகிறது என்று தெரியாத அந்தப் பச்சை வயரை நம்பாதீர்கள். எர்த் என்றால் அளந்து பார்த்த எர்த்.

இன்னொன்று சொல்கிறேன். பழைய வீடுகளில் சுவிட்சை ஃபேஸில் போடாமல் நியூட்ரலில் போட்டிருப்பார்கள். விளக்கு அணையும், ஹோல்டரில் கரன்ட் நிற்கும். எல்இடி மாட்டிய பிறகு அணைத்தாலும் மின்மினி மாதிரி மங்கலாக எரிகிறது என்றால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சுவிட்ச் பெட்டிக்குள் நியூட்ரல் வயரும் வந்து சேரட்டும். பழைய முறையில் நியூட்ரல் நேரே விளக்குக்குப் போய்விடும், சுவிட்சுக்கு வராது. நாளைக்கு ஸ்மார்ட் சுவிட்ச் போட நினைத்தால் பெரும்பாலானவற்றுக்கு அங்கே நியூட்ரல் வேண்டும். சுவரைத் திறந்திருக்கும்போது ஒரு வயர் கூடுதலாக இழுப்பது ஒன்றுமேயில்லை.

அளவுகோல்

தொங்கு விளக்குக்கு வருவோம். சுவரோர மேடையில் மூன்று தொங்கு விளக்குகள் எனக்கு உடன்பாடு இல்லை. மேல் அலமாரிக் கதவைத் திறந்தால் இடிக்கும், புகையும் எண்ணெயும் படிந்து ஒட்டும், கண்ணுக்கு நேரே பல்பு தெரியும். தொங்கு விளக்கு சாப்பாட்டு மேசைக்கும் நடுமேடைக்கும் பொருந்தும், மேல்பரப்பிலிருந்து 75 முதல் 90 செ.மீ. உயரத்தில்.

3.3 மீட்டர் கூரையை வீணடிக்காதீர்கள். ஃபால்ஸ் சீலிங் போட்டு இறக்கி டவுன்லைட் குத்துவதுதான் இப்போது எல்லோரும் செய்வது. எனக்கு அது பிடிக்காது. உயரமான வெள்ளைக் கூரை இலவசமாகக் கிடைத்த பிரதிபலிப்பான். மேல் அலமாரியின் தலையில், கீழேயிருந்து தெரியாதபடி ஒரு ஸ்ட்ரிப்பை மேல்நோக்கி வைத்தால் அறை முழுக்க நிழலில்லாத மென்மையான வெளிச்சம் பரவும். மேடைக்கு அடிப்பட்டை வெளிச்சம். இந்த இரண்டுக்கும் தனித்தனி சுவிட்ச். இரவில் தண்ணீர் குடிக்க வருபவருக்கு எல்லாம் எரிய வேண்டியதில்லை.

சமையலறை விளக்கை வேலை நடக்கும் இடத்துக்குக் கொண்டுவருவது புதிய யோசனையும் அல்ல. 1926இல் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த பிராங்ஃபர்ட் சமையலறை ஏறக்குறைய 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர்தான். அதிலேயே கூரை விளக்கை இடம் மாற்றிக்கொள்ளும்படி வைத்திருந்தார். நூறு வருடம் ஆகியும் நாம் நடுக்கூரையில் ஒன்றை மாட்டிவிட்டு அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறோம்.

அடிப்பட்டை ஸ்ட்ரிப்பை அலமாரியின் முன்விளிம்பில் வையுங்கள், சுவரோரம் அல்ல. சுவரோரம் வைத்தால் டைல்ஸ் மட்டும் பளபளக்கும், நறுக்கும் இடம் மங்கலாக இருக்கும். அலுமினிய சேனல், மேலே பால் நிற மூடி. மூடி இல்லையென்றால் பளபளப்பான கிரானைட்டில் எல்இடி புள்ளிகள் வரிசையாகத் தெரியும். 12 வோல்ட்டில் நீளமாக இழுத்தால் கடைசி முனை மங்கும், 24 வோல்ட் வாங்குங்கள்.

வயரிங்காரன்

டிரைவரைப் பற்றி ஒரு வார்த்தை. அதை அலமாரிக்குப் பின்னால் வைத்துத் தச்சர் பலகை அடித்து மூடிவிடுவார். எல்இடி போவதற்கு முன் டிரைவர்தான் போகும். உள்ளே இருக்கும் மின்தேக்கிகளுக்குச் சூடு ஆகாது, 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது வழக்கமான கணக்கு. காற்றோட்டமான இடத்தில், கை எட்டும்படி, அடுப்புக்கு நேர் மேலே இல்லாமல் வையுங்கள். ஸ்ட்ரிப் 40 வாட் என்றால் டிரைவர் 50 வாட் இருக்கட்டும்.

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க டிம்மர் போடுவதென்றால் விளக்கு, டிரைவர், டிம்மர் மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். குண்டு பல்பு காலத்து டிம்மரில் எல்இடி துடிக்கும். வாங்கும்போதே கைப்பேசியில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்துப் பாருங்கள், அலை அலையாகத் துடித்தால் வேண்டாம்.

தாழ்வாரம்

எல்லோருக்கும் நன்றி. மனைவியோடு உட்கார்ந்து பேசினோம். மேடை 88, சிங்க் 23 செ.மீ. 304. ஜன்னல் உள்பக்கம்தான் திறக்கிறது, அதனால் உயரக் குழாய் ரத்து. குட்டையான குரோம் சுழல் குழாய். (கெட்டிலின் அடி வெள்ளைவெளேரென்று இருந்தது. கறுப்பு ஆசை அங்கேயே போய்விட்டது.) தொங்கு விளக்கு ஒன்று மட்டும், சாப்பாட்டு மேசைக்கு. சமையலறை வயரும் பைப்பும் முழுக்க மாற்றம். விளக்கெல்லாம் 3500 கெல்வின், சிஆர்ஐ 90.

கடைசியாக ஒரு கேள்வி. பரணில் பழைய பால்கண்ணாடி விளக்குக் கூடு ஒன்று கிடைத்தது, பித்தளை மூடியோடு. மேசைக்கு அதையே மாட்டலாமா?

பித்தளைப்பிரியை

மாட்டாமல் விட்டால்தான் கோபம் வரும்! பழைய பெயின்ட் ஏதாவது பித்தளை மேல் இருந்தால் உலரத் தேய்க்காதீர்கள், ஈயம் கலந்திருக்கலாம்.

வயரிங்காரன்

மாட்டலாம். ஹோல்டரையும் உள் வயரையும் புதிதாகப் போடுங்கள், பித்தளைக்கு எர்த் கொடுங்கள். கூடு முழுக்க மூடியது என்றால் உள்ளே சூடு வெளியேறாது, அதனால் குறைந்த வாட் எல்இடி, "மூடிய கூட்டுக்கு ஏற்றது" என்று பெட்டியில் போட்டது. கண்ணாடியின் எடையை வயர் தாங்கக் கூடாது, சங்கிலியோ கம்பியோ கூரைக் கொக்கியில் இருந்து தாங்க வேண்டும்.

நிறமாலை

பால்கண்ணாடி வெளிச்சத்தைக் கொஞ்சம் மஞ்சளாக்கும். அந்தக் கூட்டுக்குள் 3500ஐ எரியவிட்டுப் பார்த்துவிட்டு, மற்றவற்றோடு ஒட்டவில்லை என்றால் அதற்கு மட்டும் 4000 முயன்று பாருங்கள்.

சும்மா_ஒருவன்

வேலையை எந்த வரிசையில் ஆரம்பிப்பீர்கள்? எனக்கும் இப்போது தேவைப்படுகிறது, வீட்டில் எல்லோருக்கும் உள்ளங்கையைக் காட்டிவிட்டேன்.

குழாயடி

உடைப்பு, பைப், வயர், அதற்குப் பிறகு பூச்சு. பூச்சுக்கு முன் பைப்பை அழுத்தம் கொடுத்துச் சோதிக்க வேண்டும், மூட்டு கசிந்தால் அப்போதே தெரியும். திறந்திருக்கும் சுவரை அளவு நாடாவோடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள், பின்னால் ஆணி அடிக்கும்போது பைப் எங்கே, வயர் எங்கே என்று தேட வேண்டாம். பிறகு டைல்ஸ், மேடை, அலமாரி. சிங்கையும் வடிகட்டியையும் மேடைக் கல் வெட்டும் முன்பே வாங்கிக் கையில் வைத்திருங்கள், பட்டியலில் போட்ட அளவை நம்பிக் கல்லை வெட்ட விடாதீர்கள்.

குழாய் கடைசி. அதை மாட்டும் முன் பைப்பின் வாயைத் திறந்து ஒரு வாளி நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், மணலும் திரெட் நூலும் வந்து விழும். ஒவ்வொரு குழாய்க்கும் கீழே, அதற்கு வரும் தண்ணீரை மட்டும் அடைக்கும் ஆங்கிள் காக் இருக்கட்டும்.